ஷூபர்ட்டின் கடைசி பியானோ சொனாட்டா டி. 960: முதல் மூவ்மென்ட்டின் தொடக்கப் பிரிவைத் திரும்ப வாசிக்கத்தான் வேண்டுமா?

நெய்தல் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வியன்னா இசையமைப்பாளர் ஃப்ரான்ஸ் ஷூபர்ட் 1828 செப்டம்பர் 26ஆம் தேதியிட்டு எழுதி முடித்த பி ஃப்ளாட் மேஜர் சொனாட்டாவின் (பட்டியல் எண் டி. 960) முதல் மூவ்மென்ட்டை, அதாவது அதன் நான்கு பெரும்பகுதிகளில் முதலாவதைக் கற்று வருகிறேன். தொடக்கப் பிரிவு 117ஆவது பாரில் (இசைத்தாளில் கோடுகளால் பிரிக்கப்படும் தாள அளவு) முடியும் இடத்தில் ஆரம்பத்துக்குத் திரும்பிப் போகச் சொல்லும் குறி இருக்கிறது. முதல் முறை மட்டும் வாசிப்பதற்கென்று ஒன்பது பார்கள் அங்கே தனியாக அச்சிடப்பட்டிருக்கின்றன. பெரும் கலைஞர்களின் ஒலிப்பதிவுகளை இசைத்தாளோடு வைத்துக் கேட்டால், சிலர் குறிக்குக் கட்டுப்பட்டுத் திரும்பிச் செல்கிறார்கள். வேறு சிலர் அந்த ஒன்பது பார்களைத் தொடாமலே நேராக, மெட்டுகள் உருமாறிச் செல்லும் நடுப்பகுதியான வளர்ச்சிப் பகுதிக்குள் நுழைந்துவிடுகிறார்கள். என் ஆசிரியர் இரண்டாவது வழியையே பரிந்துரைக்கிறார். திரும்பப் போனால் இந்த ஒரு மூவ்மென்ட்டே இருபது நிமிடங்களுக்குக் குறையாமல் நீளும், கேட்பவர்கள் களைத்துவிடுவார்கள் என்பது அவருடைய காரணம்.

எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் ஏன் ஒப்பவில்லை என்று தெளிவாகச் சொல்லவும் தெரியவில்லை. இசையமைப்பாளர் எழுதிய ஒன்பது பார்களை யாருமே கேட்காமல் செய்துவிட வாசிப்பவருக்கு உரிமை உண்டா? இத்துடன் இன்னொன்றும் கேட்க வேண்டும். எட்டாவது பாரில், முதல் மெட்டு பாதியில் நிற்கும்போது, இடது கை அடி ஸ்தாயியில் ஜி ஃப்ளாட்டில் மிக மெல்லிய ஒரு ட்ரில் (அடுத்தடுத்த இரு சுரங்களை வேகமாக மாற்றி மாற்றி அதிரவிடுவது) வாசிக்கிறது. அந்த ட்ரில்லை எப்படி விளங்கிக்கொள்வது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வெண்கட்டை எழுதியது:

நெய்தல் அவர்களே, நீங்கள் கேட்டிருக்கும் இரண்டும் உண்மையில் ஒரே கேள்விதான். ஒன்பது பார்களை விடலாமா என்பதற்கான விடை அந்த ட்ரில்லில் இருக்கிறது. ஆகையால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பி ஃப்ளாட்டை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் எஃப் பஞ்சமம், ஜி ஃப்ளாட் சுத்த தைவதம். முதல் ஏழு பார்களில் ஒரு சலனமும் இல்லாமல், பாடலைப் போல, கார்டுகளாகவே (பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் தொகுப்புகள்) நகரும் அந்த மெட்டு பஞ்சமத்தின் கார்டில் வந்து நிற்கிறது. அந்தக் கார்டு இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே, அதற்கு அரைச்சுரம் மேலே இருக்கும் சுத்த தைவதத்தை, அதுவும் பியானோவின் மிகத் தாழ்ந்த பகுதியில், பியானிஸிமோவில் ஷூபர்ட் அதிரவிடுகிறார். பிறகு ஒரு மௌனம். அதன் பிறகு எதுவுமே நடக்காததுபோல மெட்டு மீண்டும் தொடங்குகிறது. இந்த மேஜர் ஸ்கேலுக்குச் சொந்தமில்லாத ஒரு சுரம் முதல் பக்கத்திலேயே உள்ளே வந்துவிட்டது. இனி அது என்ன செய்யப் போகிறது என்பதுதான் இந்த மூவ்மென்ட்டின் கதை என்று நான் கருதுகிறேன்.

அது வெகுநேரம் காத்திருப்பதில்லை. 20ஆவது பாரிலேயே முழு மெட்டும் ஜி ஃப்ளாட் மேஜருக்கு இடம் மாறிப் பாடப்படுகிறது. இடது கை அடியில் முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறது. பின்பு பி ஃப்ளாட்டுக்கு உரத்த குரலில் திரும்பி வந்ததும், 48ஆவது பாரில் இரண்டாவது மெட்டு எஃப் ஷார்ப் மைனரில் தொடங்குகிறது. பியானோவில் எஃப் ஷார்ப்பும் ஜி ஃப்ளாட்டும் ஒரே கறுப்புக் கட்டை என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்கால வழக்கப்படி ஒரு சொனாட்டாவின் தொடக்கப் பிரிவு ஸட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்குப் போக வேண்டும். ஷூபர்ட்டும் முடிவில் எஃப் மேஜருக்குப் போகிறார், ஆனால் அந்தக் கறுப்புக் கட்டையின் ஊர் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார்.

இப்போது அந்த ஒன்பது பார்களுக்கு வருகிறேன். எஃப் மேஜரில் அமைதியாக அடங்கிய இசை, அவற்றில் துண்டு துண்டாக உடைந்து, தயங்கி, திணறி, திடீரென்று சினம் கொள்கிறது. அந்தச் சினத்தின் உச்சியில் அதே ட்ரில், அதே அடி ஸ்தாயியில், ஃபோர்ட்டிஸிமோவில் வருகிறது. மூவ்மென்ட் முழுவதிலும் அது உரக்கப் பேசும் இடம் இது ஒன்றுதான். மற்ற எல்லா இடங்களிலும் மெல்லியதாகவே வருகிறது, இறுதிப் பக்கம் உட்பட. ஆகவே மீள்வாசிப்பை விடுபவர் ஏற்கெனவே கேட்ட இசையின் இரண்டாவது தடவையை மட்டும் விடவில்லை. இந்தச் சுரத்துக்குள் எவ்வளவு வலு அடங்கியிருக்கிறது என்பதைக் காட்டும் ஒரே சான்றையும் சேர்த்து நீக்கிவிடுகிறார். அந்தச் சான்றைக் கேட்ட பிறகு, ஆரம்பத்துக்குத் திரும்பி, அதே எட்டாவது பாரின் மெல்லிய ட்ரில்லைக் கேட்கும்போது அது முன்பு கேட்டதாக இருப்பதில்லை. ஒரு சுரம்கூட மாறவில்லை, ஆயினும் கேட்பவர் மாறிவிட்டார்.

மீள்வாசிப்பு வெறும் சம்பிரதாயம் என்று சிலர் சொல்வதையும் என்னால் ஏற்க இயலாது. பேத்தோவன் தமது ஓபஸ் 57 அப்பாஸியோனாட்டாவின் முதல் மூவ்மென்ட்டிலேயே, அதாவது ஷூபர்ட் இதை எழுதுவதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்பே, அந்தக் குறியைக் கைவிட்டிருக்கிறார். 1828இல் வியன்னாவில் வாழ்ந்த ஒருவருக்கு அதை விட்டுவிடும் சுதந்திரம் தாராளமாக இருந்தது. ஷூபர்ட் விடவில்லை என்பதோடு, திரும்பிப் போவதற்கென்றே புதிய இசையையும் எழுதி வைத்தார்.

இசைநாடி எழுதியது:

வெண்கட்டை அவர்களின் விளக்கத்தை மிகுந்த மதிப்போடு படித்தேன். ஜி ஃப்ளாட்டைப் பற்றி அவர் சொன்னவை அனைத்தும் எனக்கும் உடன்பாடே. ஆனால் அதே காரணங்களிலிருந்தே நான் எதிர்த்திசையிலுள்ள முடிவுக்கு வருகிறேன்.

பியானோ கலைஞர் ஆல்ஃப்ரெட் பிரெண்டல் ஆயுள் முழுவதும் ஷூபர்ட்டோடு வாழ்ந்தவர். இந்தச் சொனாட்டாவைப் பலமுறை ஒலிப்பதிவு செய்தவர். அவர் மீள்வாசிப்பைத் தவிர்த்ததோடு நிற்காமல், 1989இல் வெளிவந்த தமது கட்டுரையில் காரணங்களையும் முன்வைத்தார். அந்த ஒன்பது பார்களின் பொருளும் போக்கும் மூவ்மென்ட்டின் மற்ற பகுதிகளோடு ஒட்டவில்லை என்பதும், அந்த ட்ரில் தொலைவில் இருப்பதால்தான் அதற்கு மர்மம் இருக்கிறது, அதை ஒருமுறை முழங்கவிட்டால் அந்த மர்மம் கலைந்துவிடும் என்பதும் அவர் தரப்பின் சாரம். இதற்கு அப்போதே எதிர்ப்பு எழுந்தது உண்மை. இருப்பினும் எனக்கு இந்த வாதத்தில் ஆழம் தெரிகிறது. ஒரு சுரம் கடைசிவரை தன்னை விளக்கிக்கொள்ளாமலே இருப்பது, ஒருமுறை வெடித்துவிட்டு அடங்குவதைவிட வலிமையானது என்று நான் நினைக்கிறேன்.

அளவுப் பொருத்தமும் இருக்கிறது. இரண்டாவது மூவ்மென்ட் பெரும்பாலும் ஒன்பது, பத்து நிமிடங்கள். மூன்றாவதான ஸ்கெர்ட்ஸோ நான்கு நிமிடங்கள். இறுதி மூவ்மென்ட் எட்டு நிமிடங்களை ஒட்டியது. முதல் மூவ்மென்ட்டைத் திரும்ப வாசித்தால் இருபது நிமிடங்கள் ஆகிறது; ஸ்வியாட்டோஸ்லாவ் ரிக்டரின் 1972ஆம் ஆண்டு ஒலிப்பதிவில் அது 24 நிமிடங்களையும் தாண்டுகிறது. அதாவது மற்ற மூன்றும் சேர்ந்த நீளத்தை இந்த ஒன்றே எட்டிப் பிடிக்கிறது. கட்டடத்தின் முன்மண்டபம் கருவறையைவிடப் பெரிதாகிவிட்டால் உள்ளே போகிறவர் எங்கே நிற்பது?

ஆனால் இதில் பெரும்பங்கு குற்றம் மீள்வாசிப்பினுடையது அன்று, வேகத்தினுடையது. ஷூபர்ட் இட்ட குறிப்பு மோல்ட்டோ மொடராட்டோ. அது நிதானமான நடை, தேங்கி நிற்பது அன்று. இதை அடாஜியோவைப் போல மிக மெதுவாக இழுத்து வாசித்தால், அடுத்து வரும் சி ஷார்ப் மைனர் ஆண்டான்டே சொஸ்டெனூட்டோவுக்குப் போக இடமே இருப்பதில்லை. அந்த இரண்டாவது மூவ்மென்ட்தான் இந்தப் படைப்பின் மையம் என்பது என் எண்ணம். நடுவே மெட்டு பாடிக்கொண்டிருக்க, இடது கை ஒரே தாளக்கட்டில் அடியிலிருந்து எழுந்து, வலது கையைக் கடந்து மேலே சென்று, மீண்டும் இறங்குகிறது. முதல் பகுதி திரும்பி வரும்போது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் 103ஆவது பாரில் சி மேஜருக்குத் திறக்கும் அந்தக் கணத்தைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அந்த இடத்துக்குக் கேட்பவர் செவி களைக்காமல் வந்து சேர வேண்டும் என்பதற்காகவே நான் முதல் மூவ்மென்ட்டில் மீள்வாசிப்பை விட்டுவிடுகிறேன். நெய்தல் அவர்களின் ஆசிரியர் சொல்வதை அலட்சியப்படுத்த வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

பழைய ரெக்கார்டு எழுதியது:

இரு தரப்பையும் படித்தேன். நான் பியானோ வாசிப்பவன் அல்லன். நெடுங்காலமாகக் கேட்டு வருபவன். வாசிப்பவர்கள் பேசும்போது எளிதில் விட்டுப்போகும் சில செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது, இது மரணத்தை எதிர்நோக்கிய ஒருவர் எழுதிய விடைபெறுதல் என்ற எண்ணம். ஷூபர்ட் 1828 நவம்பர் 19ஆம் தேதி, 31 வயதில், தம் அண்ணன் ஃபெர்டினாண்ட்டின் வீட்டில் காலமானார். சொனாட்டா முடிந்து எட்டு வாரங்கள்கூட ஆகவில்லை. 1822ஆம் ஆண்டின் இறுதியிலிருந்தே மேகநோய் அவர் உடலில் இருந்தது, அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அவர் அறிந்தும் இருந்தார். ஆனால் அந்த வாரங்களில் அவர் செய்தவை என்ன? அக்டோபர் 2ஆம் தேதி லைப்ஸிக் பதிப்பாளர் ப்ராப்ஸ்ட்டுக்குக் கடிதம் எழுதி, இந்தச் சொனாட்டாவோடு இதற்கு முந்தைய இரண்டையும் சேர்த்து மூன்று சொனாட்டாக்களையும், ஜெர்மன் கவிஞர் ஹைனேயின் கவிதைகளுக்கு அமைத்த பாடல்களையும், இரண்டு செல்லோக்கள் கொண்ட குவிண்டெட்டையும் (ஐந்து கருவிகளுக்கான படைப்பு) விற்க முன்வந்தார். சொனாட்டாக்களைப் பல இடங்களில் வாசித்ததாகவும் நல்ல வரவேற்பு இருந்ததாகவும் அதில் சொல்கிறார். அதே மாதத் தொடக்கத்தில் ஐசன்ஷ்டாட்டில் இருந்த இசையமைப்பாளர் ஹைடனின் கல்லறைக்கு நடந்தே போய் வந்தார். நவம்பர் 4ஆம் தேதி, சைமன் ஸெக்டர் என்ற ஆசிரியரிடம் கவுண்டர்பாயின்ட் (பல மெட்டுகளை ஒன்றோடொன்று இணைத்து எழுதும் கலை) பயில முதல் வகுப்புக்குச் சென்றார். இவை கணக்கை முடித்துக்கொண்ட மனிதனின் செயல்கள் அல்ல. ஆகவே அந்த ட்ரில்லைச் சாவின் காலடி ஓசை என்று எழுதுபவர்களை நான் நம்புவதில்லை. வெண்கட்டை அவர்கள் செய்ததுபோல அதைச் சுரமாகவே பின்தொடர்வதுதான் நேர்மையான வழி.

ப்ராப்ஸ்ட் சொனாட்டாக்களை வாங்கவில்லை. ஷூபர்ட் அவற்றைப் பியானோ கலைஞரும் இசையமைப்பாளருமான ஹும்மலுக்குக் காணிக்கையாக்க எண்ணியிருந்தார். டியாபெல்லி நிறுவனம் 1839இல் வெளியிட்டபோது ஹும்மல் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தபடியால், பதிப்பாளர் அவற்றை இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமானுக்குக் காணிக்கையாக்கினார். அந்த ஷூமானே முந்தைய ஆண்டில் எழுதிய மதிப்புரையில், இவை பக்கம் பக்கமாக முடிவே இல்லாததுபோல ஓடிக்கொண்டிருக்கின்றன என்ற பொருள்பட எழுதியவர். நீளத்தைப் பற்றிய இன்றைய விவாதம், படைப்பு அச்சேறுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

இரண்டாவது செய்தி, கருவி. ஷூபர்ட்டின் காலத்து வியன்னா பியானோவுக்கு மரச்சட்டம், மெல்லிய கம்பிகள், தோல் போர்த்திய சிறு சுத்தியல்கள். சுத்தியலுக்கும் கம்பிக்கும் இடையே ஒரு துணிப்பட்டையை இறக்கும் மாடரேட்டர் பெடலும் பலவற்றில் உண்டு. அதில் அடி ஸ்தாயி இன்றைய பெரிய கச்சேரி பியானோவைப் போல மொத்தமாக உருளுவதில்லை. ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. ஆண்ட்ராஸ் ஷிஃப் 1820ஆம் ஆண்டை ஒட்டிய ப்ராட்மன் பியானோ ஒன்றில் இந்தச் சொனாட்டாவைப் பதிவு செய்திருக்கிறார், மீள்வாசிப்போடு. அதில் ட்ரில் இடியைப் போல அல்லாமல், ஒரு நடுக்கமாகக் கேட்கிறது. நீளமும் அந்த ஒலியில் கனப்பதில்லை. நவீன பியானோவின் கனம்தான் பலரை மீள்வாசிப்பைத் தவிர்க்கத் தூண்டுகிறதோ என்றுகூட எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

மெதுவான வேகத்தைப் பற்றி இசைநாடி அவர்கள் சொன்னதற்கு ஒரே ஒரு மறுப்பு. கனடிய பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் ஷூபர்ட்டின் நீண்ட, திரும்பத் திரும்ப வரும் அமைப்புகளில் பொறுமை இல்லாதவர். அவர் 1957இல் மாஸ்கோவில் ரிக்டர் இதே சொனாட்டாவை, தாம் கேட்டதிலேயே மிக மெதுவான வேகத்தில் வாசித்ததைக் கேட்டார். தம் எண்ணங்கள் அத்தனையும் அங்கே மாறி, ஏறக்குறைய ஒரு மயக்க நிலைக்குள் போய்விட்டதாகப் பிற்காலத்தில் சொன்னார். அந்த வாசிப்பு எல்லாருக்கும் வழிகாட்டி என்று நான் சொல்ல வரவில்லை. நீளம் என்பது நிமிடக் கணக்கால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை என்பதற்கு அது சாட்சி.

நெய்தல் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒன்பது பார்களை வாசித்துப் பார்க்கும் ஆவல் இப்போது பன்மடங்காகிவிட்டது. இசைநாடி அவர்களே, வேகத்தைப் பற்றி நீங்கள் சொன்னது என் வாசிப்புக்கு நேராகப் பொருந்துகிறது. நான் தேவைக்கு மேல் மெதுவாகவே போய்க்கொண்டிருக்கிறேன்.

வெண்கட்டை அவர்களிடம் மேலும் இரண்டு கேள்விகள். எட்டாவது பாரின் ட்ரில்லை எந்தச் சுரத்திலிருந்து தொடங்குவது, எவ்வளவு வேகமாக அதிரவிடுவது? இரண்டாவதாக, ஒன்பது பார்களை வாசிக்காமல் போனால் வளர்ச்சிப் பகுதியின் ஆரம்பம் பாதிக்கப்படுமா?

வெண்கட்டை எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் இசைநாடி அவர்களுக்கும் அது விடையாகும். தொடக்கப் பிரிவுக்கு இரண்டு முடிப்புகள் இருக்கின்றன. இரண்டும் எஃப் மேஜரிலிருந்தே கிளம்புகின்றன. முதல் முடிப்பு ஒன்பது பார்கள் போராடி, சத்தமிட்டு, பி ஃப்ளாட் என்ற சொந்த வீட்டுக்குத் திரும்பி வருகிறது. இரண்டாவது முடிப்போ ஒரு சத்தமும் இல்லாமல், ஏறக்குறைய ஒரே எட்டில், சி ஷார்ப் மைனருக்குப் போய்விடுகிறது. பி ஃப்ளாட்டிலிருந்து அது வெகுதூரம். வீட்டுக்கு வருவதற்கு அத்தனை பாடு, கண்காணாத இடத்துக்குப் போவதற்கு ஒரு பாடும் இல்லை. இந்த முரண் முதல் முடிப்பைக் கேட்டவருக்கு மட்டுமே புலப்படும். அந்த சி ஷார்ப் மைனர்தான் அடுத்த மூவ்மென்ட்டின் ஸ்கேலும்கூட என்பதால், இசைநாடி அவர்கள் மையம் என்று சொல்லும் அந்த மூவ்மென்ட்டுக்கான கதவும் இங்கேதான் முதன்முதலில் திறக்கிறது.

மர்மம் கலைந்துவிடும் என்ற வாதத்துக்கு என் மறுமொழி இது: ட்ரில் முழங்கிய பிறகும் அதன் பொருள் நமக்குத் தெரிந்துவிடவில்லை. வளர்ச்சிப் பகுதியின் பிற்பாதியில், முதல் மெட்டு டி மைனரில் எங்கோ தொலைவில் ஒலிப்பதுபோல வரும்போது, ட்ரில்லும் கீழே திரும்பி வருகிறது. அங்கே அது முன்பைவிடப் புதிராகவே இருக்கிறது.

இனி முதல் கேள்வி. ஜி ஃப்ளாட்டிலிருந்தே தொடங்குங்கள். மேல் சுரமான ஏ ஃப்ளாட்டிலிருந்து தொடங்கினால், பஞ்சமத்தின் மீது அரைச்சுரம் உரசும் அந்த முதல் தொடுகை மங்கிவிடும். அலங்காரமாக ஒலிக்கும் அளவுக்கு வேகம் கூடாது. ஒவ்வொரு அதிர்வையும் எண்ணக்கூடிய அளவுக்கு மெதுவாகவும் கூடாது. விரல்களைக் கட்டைகளிலிருந்து முழுவதும் தூக்காமல், கட்டை பாதி எழுந்ததும் மறுபடி அழுத்தினால் ஒலி மென்மையாக வரும். பெடலைப் பொறுத்தவரை, வலது கையின் கார்டு கையாலேயே பிடிக்கப்பட்டிருக்கட்டும். பெடலைப் பாதியளவுக்கு மேல் அழுத்தினால் நவீன பியானோவில் அந்த ஸ்தாயி குழம்பிவிடும். ட்ரில் அடங்கிய பின் வரும் மௌனத்தைச் சுருக்காதீர்கள். அந்த மௌனமும் இசைத்தாளில் எழுதப்பட்டதுதான்.

இசைநாடி எழுதியது:

இரண்டு முடிப்புகளையும் அருகருகே வைத்து வெண்கட்டை அவர்கள் சொன்னதை நான் இதுவரை இந்தக் கோணத்தில் எண்ணிப் பார்த்ததில்லை. என் முடிவை அது உடனே மாற்றிவிடாது, ஆனால் அதன் எடையை உணர்கிறேன். வேகத்தைச் சற்று இயல்பாக வைத்து, மீள்வாசிப்போடு பதினெட்டு அல்லது பத்தொன்பது நிமிடங்களுக்குள் முதல் மூவ்மென்ட்டை முடிக்க முடியுமானால், அளவைப் பற்றிய என் ஆட்சேபம் பெருமளவு தளர்ந்துவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நெய்தல் அவர்களுக்கு ஒரு குறிப்பு: ஜி ஃப்ளாட்டைத் தேடி முதல் மூவ்மென்ட்டோடு நின்றுவிடாதீர்கள். இறுதி மூவ்மென்ட், வெறும் ஜி சுரத்தை எண்மத்தில் (ஒரே சுரம் இரு ஸ்தாயிகளில் ஒன்றாக) நீட்டிப் பிடித்துத் தொடங்குகிறது. ஏதோ சி மைனரில் வரப்போகிறது என்று செவி நம்பியபின் பி ஃப்ளாட்டுக்குத் திரும்புகிறது. பேத்தோவன் தமது ஓபஸ் 130 குவார்ட்டெட்டுக்கு 1826இல் எழுதிய மாற்று இறுதிப் பகுதியும் ஜி சுரத்தில்தான் இதே விதமாகத் தொடங்குகிறது. ஷூபர்ட்டின் அந்த நீண்ட ஜி பலமுறை வந்து வழிமறிக்கிறது. கடைசிப் பக்கத்துக்குச் சற்று முன்பு அது ஜி ஃப்ளாட்டாக ஓர் அரைச்சுரம் இறங்கி, அங்கிருந்து எஃப்-க்கு இன்னொரு அரைச்சுரம் இறங்கிய பிறகே மிக விரைவான ப்ரெஸ்டோ வேகத்தில் சொனாட்டா முடிகிறது. எட்டாவது பாரில் ட்ரில் எஃப்-க்கு இறங்கும் அதே பாதை அது. முதல் மூவ்மென்ட்டை முடித்ததும் அந்தப் பக்கத்தைத் தனியாக எடுத்து, மூன்று எண்மங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாக வாசித்துப் பாருங்கள்.